கதவைத் திறந்து வைத்த கலைஞர்

கலையைக் கற்பது அரிது. கற்ற கலையைக் கரவாமல் பிறர்க்கு வழங்குவது அதனினும் அரிது. வடநாட்டு இசையுலகில் நெடுங்காலம் வித்தை என்பது குடும்பச் சொத்தாகவே கருதப்பட்டது. தந்தை மகனுக்குச் சொல்வார். மகன் தன் மகனுக்குச் சொல்வார். அயலார் எவரேனும் பாடம் கேட்டு வந்தால் அவர் வாசலிலேயே காத்து நிற்க வேண்டியதுதான். அவ்வாறு மூடிய கதவுகளின் முன் தம் இளமை முழுவதையும் கழித்த ஒருவர், பிற்காலத்தில் தம் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தார். அவரே உஸ்தாத் அலாவுதீன் கான். மாணவர்கள் அவரைப் 'பாபா' என்றே அழைத்தனர். அவர் வீட்டில் உண்டு, உறங்கி, பாடம் கேட்டவர்களே சிதாரையும் சரோதையும் உலக அரங்கில் ஏற்றியவர்கள்.

வீட்டைத் துறந்த சிறுவன்

அன்றைய வங்காளத்தில், இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த பிராமண்பாரியாப் பகுதியில், சிப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அலாவுதீன். அவர் பிறந்த ஆண்டை 1862 எனக் குடும்ப வழக்கும், 1881 என ஆய்வாளர் சிலரும் கூறுவர். தந்தையார் சிதாரில் ஈடுபாடு மிக்கவர். தமையனார் அப்தாபுதீன் பல கருவிகளை இசைக்க வல்லவர். பின்னாளில் பக்கிரியாய் வாழ்ந்தவர். இத்தகைய வீட்டில் பிறந்த சிறுவனுக்குப் பள்ளிப் பாடத்தில் மனம் செல்லாதது வியப்பன்று. பத்து வயதளவில் வீட்டை விட்டு வெளியேறி, ஊர் ஊராய்ச் சென்று ஆடும் ஜாத்ரா நாடகக் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டான்.

பின்னர்க் கொல்கத்தா அவனை ஈர்த்தது. அன்னசத்திரத்துச் சோறும் தெருவோரத் திண்ணையுமே அந்நகரில் அவனுக்குக் கிடைத்த தொடக்கம். அங்கே கோபால் கிருஷ்ண பட்டாச்சாரியர் என்னும் பாடகர் ஒரு நிபந்தனையோடு அவனை ஏற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் சுர வரிசைகளை மட்டுமே பயில வேண்டும். அதன் பின்னரே இராகம் என்றார். நம் பிள்ளைகள் சரளி வரிசையைச் சில திங்களில் முடித்துவிட்டுக் கீர்த்தனைக்குத் தாவத் துடிப்பதை நாம் காண்கிறோம். அலாவுதீன் அந்நிபந்தனைக்குத் தலைவணங்கினார். ஏழு ஆண்டுகள் சென்றன. கொள்ளை நோயில் ஆசான் மறைந்தார். வேறெவரிடமும் இனி வாய்ப்பாட்டுக் கற்பதில்லை என உறுதி பூண்ட மாணவர், அவ்வேழாண்டுப் பயிற்சியை நெஞ்சில் தாங்கிக் கருவிகளின் பக்கம் திரும்பினார்.

விவேகானந்தரின் உறவினரான அமிர்தலால் தத்தர் கொல்கத்தா நாடக அரங்கில் இசை அமைப்பாளராக விளங்கியவர். அவரிடம் அலாவுதீன் பல கருவிகளைப் பழகினார். லோபோ என்னும் கோவாக்காரரிடம் மேனாட்டு முறையில் வயலின் கற்றார். ஹசாரி உஸ்தாதிடம் ஷெனாய் பயின்றார். பகவாஜ் முதலிய தாளக் கருவிகளும் அவர் கைக்கு வந்தன. இடக்கைப் பழக்கம் உடையவராதலின் தந்திக் கருவிகளை இடக்கையால் மீட்டினார். தாளக் கருவிகளையோ வலக்கைக்காரரைப் போலவே வாசித்தார். இடையில் வீட்டார் அவரைத் தேடிப் பிடித்து மதன்மஞ்சரி என்னும் பெண்ணை மணம் செய்வித்தனர். மணம் முடிந்த பின்னரும் அவர் இல்லத்தில் தங்கவில்லை. கணவனுக்காகக் காத்திருந்த அப்பெண்ணின் ஆண்டுகள் இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாதவை. எனினும் அவற்றை நாம் மறத்தலாகாது.

செருக்கு அழிந்த நாள்

இத்தனை கருவிகளைக் கற்றவருக்கு உள்ளூரச் சிறிது செருக்கும் உண்டாயிற்று. முக்தாகாச்சா ஜமீன்தார் ஜகத் கிஷோர் ஆச்சாரியாவின் அவைக்குச் சென்றபோது, தம்மை ஒரு தேர்ந்த கலைஞராகவே அவர் எண்ணியிருந்தார். அங்கே அகமது அலி கான் சரோது வாசித்துக்கொண்டிருந்தார். சரோதில் சிதாரைப் போல மெட்டுகள் இல்லை. வழவழப்பான எஃகுத் தகட்டின் மேல் ஒரு கையின் விரல் நகம் தந்தியை அழுத்தி வழுக்கிச் செல்ல, மறு கையில் பிடித்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு தந்தியை மீட்டும். சுரத்தின் இடத்தைக் கண் காட்டாது; காதுதான் காட்ட வேண்டும். அன்று கேட்ட அந்நாதத்தில் அலாவுதீனின் செருக்கு கரைந்தது. தாம் இதுவரை கற்றது கரையோரத்து நுரை என உணர்ந்தார். அகமது அலியின் காலில் விழுந்து மாணவரானார்.

அவருக்குச் சமைத்துப் போட்டார். வீட்டு வேலைகளைச் செய்தார். சொல்லிக் கொடுக்கப்பட்டது சிறிது. ஆசான் பயிற்சி செய்யும்போது ஒளிந்திருந்து கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டதே பெரிது. தமக்குச் சொல்லிக் கொடுக்காதவற்றையும் மாணவர் வாசிக்கக் கேட்ட ஆசான் மகிழவில்லை, சினந்தார். வித்தை குடும்பத்துக்கு உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் அத்துணை ஆழமாய் வேரூன்றியிருந்தது.

இராம்பூரில் தவம்

அகமது அலியோடு வந்து சேர்ந்த இராம்பூர், அந்நாளில் வடநாட்டு இசையின் தலைநகரம் போன்றது. நவாப் ஹமீது அலி கானின் அவையில் வஜீர் கான் வீற்றிருந்தார். தான்சேனின் வழித்தோன்றல் எனப் போற்றப்பட்ட அவர், ருத்ர வீணையில் ஈடு இணையற்றவர். அவரிடம் பாடம் கேட்பதையே தம் பிறவிப் பயனாகக் கொண்டார் அலாவுதீன். ஆனால் வாயிற்காவலரைத் தாண்டி அவரை நெருங்கவும் இயலவில்லை. இறுதியில் உயிரையும் வெறுத்து, நவாபின் வண்டி வரும் பாதையில் குறுக்கே விழுந்தார் என்பர். நவாப் அவரை விசாரித்து, அவர் வாசிப்பைக் கேட்டு வியந்து, வஜீர் கானிடம் பரிந்துரைத்தார். முறைப்படி மாணவராக ஏற்கும் சடங்கும் நிகழ்ந்தது.

கதவு திறந்தது போலத் தோன்றியது; உண்மையில் திறக்கவில்லை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஒரு பாடமும் சொல்லப்படவில்லை. நாள்தோறும் வந்து நிற்பார், பணிவிடை செய்வார், திரும்பிச் செல்வார். அரண்மனை வாத்தியக் குழுவில் வாசித்தும் பிற கலைஞர்களிடம் துளித்துளியாய்ப் பெற்றும் நாட்களைக் கழித்தார். அப்போது ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரிவைப் பொறாத மனைவி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்பதே அது. இச்செய்தி வஜீர் கானின் காதுக்கும் எட்டியது. தம் வாசலில் இத்துணைக் காலம் ஒருவர் வெறுங்கையோடு நின்றிருப்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார். மனம் இளகிப் பாடம் தொடங்கினார். தொல்லிசை மரபான துருபதத்தின் நுட்பங்களை ரபாப், சுர்சிருங்கார், சரோது ஆகிய கருவிகளின் வழியே கற்பித்தார். ருத்ர வீணையை மட்டும் தம் குடும்பத்துக்கென ஒதுக்கி வைத்தார். மரபின் கடைசிப் பூட்டு அங்கேயும் எஞ்சி நின்றது.

அநாதைச் சிறுவர்களின் வாத்தியக் குழு

1918ஆம் ஆண்டு அலாவுதீன் மைஹருக்கு வந்தார். மத்திய இந்தியாவில் விந்திய மலைப் பகுதியை ஒட்டிய ஒரு சிறு சமஸ்தானம் அது. மன்னர் பிரிஜ்நாத் சிங் அவரை ஆசானாகக் கொண்டு அவைக் கலைஞராக்கினார். அதே காலத்தில் இன்புளுவன்சா என்னும் நச்சுக்காய்ச்சல் நாடெங்கும் பரவிப் பல இலட்சம் உயிர்களைக் குடித்தது. மைஹரிலும் பெற்றோரை இழந்த குழந்தைகள் தெருவில் நின்றனர். அக்குழந்தைகளைச் சேர்த்து, உணவும் உறையுளும் தந்து, இசை கற்பித்து, ஒரு வாத்தியக் குழுவையே உருவாக்கினார் அலாவுதீன். அதுவே புகழ்பெற்ற மைஹர் பாண்டு வாத்தியம்.

இச்செயலின் அருமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரும் குடும்பத்து வாரிசுகளுக்கு மட்டுமே உரியது எனப் போற்றிக் காக்கப்பட்ட வித்தை, குலமும் கோத்திரமும் தெரியாத ஆதரவற்ற குழந்தைகளின் கையில் வைக்கப்பட்டது. சிதாரும் சரோதும் எஸ்ராஜும் மேனாட்டு வயலினும் செல்லோவும் அங்கே ஒருங்கே ஒலித்தன. நமக்கு ஜலதரங்கம் தெரியும். நீர்க் கிண்ணங்களுக்கு மாறாகத் துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் அறுத்து வரிசையாய் அடுக்கி, குச்சியால் தட்டிச் சுரம் எழுப்பும் 'நல்தரங்' என்னும் கருவியையும் அக்குழுவுக்காக அவர் அமைத்தார். உயிர் குடிக்கும் குழலிலிருந்து இசை பிறந்தது. கவிஞர் ஒருவர் கற்பனையில் காணத்தக்க காட்சியை அம்மனிதர் இரும்பறுத்துச் செய்து காட்டினார்.

மைஹர் வாழ்க்கை

மைஹரில் குன்றின் மேல் சாரதா தேவி கோயில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஐவேளைத் தொழுகை தவறாத இசுலாமியரான அலாவுதீன், கலைமகளாகிய அத்தேவியையும் தம் தாயாகவே கருதி வழிபட்டார். இரண்டுக்கும் இடையே அவருக்கு மாறுபாடு தோன்றவில்லை. தம் மகளுக்கு மன்னர் அன்னபூர்ணா எனப் பெயரிட்டபோது மனமுவந்து ஏற்றார்.

அவர் வீடே பள்ளி. அங்கே பாட நேரம், ஓய்வு நேரம் என்ற பிரிவு கிடையாது. விடியலுக்கு முன் நான்கு மணிக்கு எழுந்த மாணவர் இரவு நெடுநேரம் வரை கருவியோடு இருப்பார். அடுத்த அறையில் ஒருவர் பயில்வது இவர் காதில் விழும். இவர் செய்யும் பிழை தோட்டத்தில் நிற்கும் ஆசானின் காதில் விழும். கற்பிக்கும் நேரத்தைவிடக் கற்பிக்காத நேரத்தில் கற்றதே அங்கு மிகுதி. இதுவே உடனுறைந்து கற்றலின் உட்பொருள். வாரம் ஒரு மணி நேரம் வந்து செல்பவருக்குப் பாடம் கிடைக்கும். உடன் வாழ்பவருக்கே பாடத்தின் பின்னால் நிற்கும் மனம் கிடைக்கும்.

அலாவுதீன் 1935ஆம் ஆண்டு உதயசங்கரின் நாட்டியக் குழுவோடு ஐரோப்பா சென்றார். அவரிடம் மனம் பறிகொடுத்தவர் உதயசங்கரின் இளவல் ரவிசங்கர். பாரிசு நகரத்து ஆடம்பரத்தில் வளர்ந்த அவ்விளைஞர், 1938ஆம் ஆண்டு தலையை மழித்துக்கொண்டு, எளிய உடையோடு, ஒரு தகரப் பெட்டியுடன் மைஹர் வந்து சேர்ந்தார். கயிற்றுக் கட்டில், தேளும் பாம்பும் ஊரும் வீடு, இரவில் நரிகளின் ஊளை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்கே அவர் சிதார் பயின்றார்.

சினமும் கண்ணீரும்

அலாவுதீன் வெளியாரிடம் பணிவே உருவானவர். பாடத்தில் அமர்ந்தால் நெருப்பு. மகன் அலி அக்பர் 1922இல் பிறந்தவர். பேசத் தொடங்கிய வயதிலிருந்தே அவருக்குப் பயிற்சி. நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் வாசித்ததும், பயிற்சியில் தவறியபோது மரத்தில் கட்டி அடிக்கப்பட்டதும் அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவை. பொறுக்க முடியாமல் ஒருமுறை வீட்டை விட்டே ஓடினார். இளமையில் தந்தை ஓடியது இசையைத் தேடி. மகன் ஓடியதோ இசையின் கொடுமைக்கு அஞ்சி. ரவிசங்கரும் ஒரு நாள் கடுஞ்சொல் தாங்காமல் மூட்டை கட்டிப் புறப்பட்டுவிட்டார். ஆசானே மனம் நெகிழ்ந்து அவரைத் தேற்றினார். அதன் பின் அவரைக் கடிந்ததில்லை.

பெரியோர் செயலெல்லாம் புகழத்தக்கது என நாம் கொள்ள வேண்டியதில்லை. அடித்துத்தான் கலை வளரும் என்றால், அடிபடாமல் வளர்ந்த அன்னபூர்ணாவின் கலைக்கு விளக்கம் இல்லாமற் போகும். தாம் பட்ட துன்பமே தம்மை ஆக்கியது என்று நம்பியவர், அத்துன்பத்தையும் பாடத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

அவர் வாழ்வின் ஆறாத புண் மகள் ஜஹானாரா. தந்தையிடம் இசை கற்று மணமாகிச் சென்ற அப்பெண்ணின் தம்புராவை மாமியார் எரித்துவிட்டார் எனக் குடும்பத்தார் கூறுவர். உள்ளம் உடைந்து வீடு திரும்பிய ஜஹானாரா நெடுநாள் வாழவில்லை. அநாதைகளுக்கும் அயலாருக்கும் கதவைத் திறந்தவர், அத்துயரால் தம் இளைய மகளுக்கு மட்டும் அதை மூடினார். பெண்ணுக்கு இசை தந்தால் அவள் வாழ்வு கெடும் என அஞ்சினார்.

ஒரு நாள் அலி அக்பர் பயிற்சி செய்துகொண்டிருந்தார். தந்தையார் வெளியே சென்றிருந்தார். தமையன் பிழை செய்யவே, சிறுமி அன்னபூர்ணா தான் காதால் மட்டும் கேட்டு அறிந்திருந்த பாடத்தைப் பாடித் திருத்தினாள். பாட்டில் ஆழ்ந்திருந்த அவள், தந்தை திரும்பி வந்து பின்னால் நிற்பதை அறியவில்லை. அலாவுதீன் அச்சிறுமியிடம் யாரைக் கண்டிருப்பார்? இராம்பூரில் ஒளிந்திருந்து கேட்டே கற்ற தம்மையே கண்டிருத்தல் வேண்டும். அன்றே அவளுக்குப் பாடம் தொடங்கினார். முதலில் சிதாரும், பின்னர் அதனினும் பெரியதும் ஆழ்ந்த குரலுடையதுமான சுர்பஹாரும் கற்பித்தார். கைதட்டலை விரும்பாத மனத்துக்கே அக்கருவி ஏற்றது என்பது அவர் கருத்து.

அல்மோராவில்

1940ஆம் ஆண்டளவில் இமயமலைச் சாரலில் அல்மோராவில் உதயசங்கர் ஒரு கலை மையம் நடத்தினார். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே தங்கி ஆடலும் இசையும் பயின்ற இடம் அது. அலாவுதீன் அங்கே இசை கற்பித்தார். கேரளத்திலிருந்து கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியும், தமிழகத்திலிருந்து பாலசரசுவதியின் ஆசான் கந்தப்ப பிள்ளையும் அங்கே பணியாற்றினர். அவ்வூரிலேயே 1941இல் அன்னபூர்ணாவுக்கும் ரவிசங்கருக்கும் திருமணம் நிகழ்ந்தது. பொருள் முட்டுப்பாட்டால் 1944இல் அம்மையம் மூடப்பட்டது. பணத்தை நம்பிய கலைக்கூடம் நான்கைந்து ஆண்டுகளில் முடிந்தது. மைஹரின் எளிய வீடோ தொடர்ந்து நடந்தது.

அவரவர் குரல்

சரோதுக் கலைஞர் ஒருவர் குழலும் வயலினும் சிதாரும் எவ்வாறு கற்பித்தார் என்ற ஐயம் எழலாம். அவர் பாடியே கற்பித்தார். ஒரு சுரக் கோவையை வாயால் பாடுவார். மாணவர் அதைத் தம் கருவியில் கொண்டுவர வேண்டும். கொல்கத்தாவில் ஏழாண்டு பயின்ற சுர வரிசை இங்கே பயன் தந்தது. கருவிகள் பல, அவற்றின் உள்ளே பாடும் குரல் ஒன்று.

ஆயினும் எல்லா மாணவரையும் அவர் ஒரே அச்சில் வார்க்கவில்லை. ரவிசங்கரின் சிதாருக்கு வீணையின் ஆழ்ந்த கீழ்ச் சுரங்களையும் தாள நுட்பங்களையும் தந்தார். 1947இல் பதினாறு வயதில் வந்து சேர்ந்த நிகில் பானர்ஜியின் சிதாருக்கு வேறொரு வழியைக் காட்டினார். இருவரும் ஓர் ஆசானின் மாணவரே, வாசிப்போ வெவ்வேறு. பன்னாலால் கோஷ் ஏற்கெனவே புகழ் பெற்ற பின் அதே ஆண்டில் வந்து, குழலுக்குப் பாடம் கேட்டார். திமிர் பரன், சரண் ராணி, தம்பி மகன் பகதூர் கான் ஆகியோர் சரோதில் அவர் வழி வந்தனர். தம்பி ஆயத் அலி கான் கருவி செய்வதில் வல்லவர். சகோதரர் இருவரும் சரோதின் வடிவத்தைத் திருத்தினர். 25 தந்திகளோடு இன்று ஒலிக்கும் மைஹர் வழிச் சரோது அவ்வுழைப்பின் பயன். ஹேமந்த், ஹேம் பிஹாக் முதலிய இராகங்களையும் அவர் ஆக்கினார். அவற்றுள் ஒன்றுக்கு மதன்மஞ்சரி என்று பெயர். இளமையில் காக்க வைத்த மனைவிக்கு முதுமையில் கணவர் செலுத்திய கடன் அது.

இறுதி நாட்கள்

சங்கீத நாடக அகாதமியின் விருது 1952இலும், பத்ம பூஷண் 1958இலும், பத்ம விபூஷண் 1971இலும் அவரைத் தேடி வந்தன. 1955இல் மைஹரில் இசைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். திரைப்பட மேதை ரித்விக் கட்டக் 1963இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1972 செப்டம்பர் 6ஆம் நாள் மைஹரில் அவர் மறைந்தார்.

கதவு பின்னரும் மூடவில்லை. அலி அக்பர் 1956இல் கொல்கத்தாவிலும் 1967இல் கலிபோர்னியாவிலும் கல்லூரிகள் நிறுவி, வேற்று நாட்டார் பல்லாயிரவருக்குத் தந்தையின் பாடத்தைக் கற்பித்து 2009இல் மறைந்தார். அன்னபூர்ணா மேடையை முற்றிலும் துறந்து மும்பை வீட்டில் அடங்கி வாழ்ந்தார். ஆனால் தேடி வந்த மாணவரைக் கைவிடவில்லை. குழலிசைக் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவும் அவரிடம் பாடம் கேட்டவர். அவர் 2018இல் மறைந்தார்.

பிராமண்பாரியாவில் அலாவுதீன் பெயரால் அமைந்த இசைக்கூடம் 2016இலும் 2021இலும் கலவரங்களில் தீக்கிரையாயிற்று. அவர் நினைவாகக் காத்த பொருள்களும் இசைக் கருவிகளும் எரிந்தன. ஜஹானாராவின் தம்புராவை நினையாமல் இச்செய்தியை நம்மால் படிக்க இயலவில்லை. மரமும் தந்தியும் எரியக்கூடியவை. பூட்டி வைத்த வித்தையும் ஒரு தீயில் அழியக்கூடியதே. பலர் நெஞ்சில் பகிர்ந்து வைத்த வித்தைக்கு அந்த அச்சம் இல்லை.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்து இம்மலரை வெளியிடுகிறது. பெருமைப்படத்தக்க நாள்தான். எனினும் அலாவுதீனின் முதல் ஆசான் சுர வரிசைக்கே பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டார். அக்கணக்குப்படி நாம் இன்னும் இராகத்துக்குள் நுழையவில்லை. முதன்முறை கவிதை எழுதி, அதைப் படித்துக் காட்டத் தயங்கியபடி நம் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ அமர்ந்திருக்கக்கூடும். அவரை முன்வரிசைக்கு அழைத்து அமர்த்துவதே அப்பெரியவருக்கு நாம் செய்யும் அஞ்சலி.